மேனேஜரின் கணுக்கால்

"ஓட்டத்தில் என்னை முந்த ஆளே கிடையாது" என்று ஆபீஸ் முழுக்க அளந்துவிட்டிருந்த மேனேஜருக்கு, ஆபீஸ் ஓட்டப்பந்தயத்துக்கு முதல் நாள் கணுக்கால் சுளுக்கிக்கொண்டதாம்.

"ஓடக் கூடாதுன்னு ஒரு சர்டிபிகேட் குடுத்துடுங்க டாக்டர். ஓட முடியலையேன்னு மனசு கிடந்து துடிக்குது."

"முதல்ல ஒரு ஊசி போட்டுப் பார்ப்போம் சார்."

"அது என்ன பண்ணும் டாக்டர்?" என்று கூட வந்திருந்த மனைவி ஆவலாகக் கேட்டாள்.

"கணுக்கால் மரத்துப்போயிடும்மா. வலி அங்கேயிருந்து வந்தா அடங்கிடும்."

ஊசி போட்டுச் சற்று நேரம் கழித்து டாக்டர் கேட்டார். "இப்போ எப்படி சார் இருக்கு?"

மேனேஜர் கண்களை இறுக மூடிக்கொண்டார். "கொஞ்சமும் குறையலை. ஐயோ, தொட்டுடாதீங்க! விரல் பட்டாலே உயிர் போயிடும்!"

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, கண்ணைத் திறங்க. டாக்டர் அப்போலேர்ந்து அங்கதான் கிள்ளிக்கிட்டிருக்கார்."