பவளத்துக்கு ஒரு குழாய்

உப்புநீர்க் கண்ணாடித் தொட்டியின் விளிம்பில் மாட்டியிருந்த, தண்ணீரின் pH அளவைக் காட்டும் சின்ன மீட்டரில் எண் மறுபடியும் இறங்கியிருந்தது. காலையில் எட்டு புள்ளி இரண்டு. இப்போது ஏழு புள்ளி ஏழு.

எலாதியோ குனிந்து தொட்டிக்குள் பார்த்தான்.

உள்ளே மூளைப் பவளம் சுருங்கிக் கிடந்தது. ஒன்பது வருஷமாக வளர்த்தது. நல்ல நாளில் பச்சைச் சதை உப்பி, உள்ளங்கையைவிடப் பெரிதாக விரிந்திருக்கும். இன்று சதை வற்றி, வரம்பு வரம்பாக வெள்ளை எலும்பு தெரிந்தது.

முந்தாநாள் புயல் அரெசிபோ நகரையே புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. கரண்ட் எப்போது வரும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அடுத்த புயலும் பின்னாலேயே வருகிறது என்று ரேடியோ சொன்னதால், ஜன்னல்களில் அடித்த பலகைகளை யாரும் கழற்றவில்லை.

ஜெனரேட்டர் இருந்ததே பெரிய விஷயம். நேற்று பக்கத்து வீட்டு வாசலில் ஓடிக்கொண்டிருந்ததைச் சங்கிலியை அறுத்துத் தூக்கிப் போய்விட்டார்கள். எலாதியோ ஏமாளி இல்லை. இன்று காலையிலேயே தன்னுடையதை எந்தத் திருடனும் கைவைக்க முடியாத இடத்துக்கு மாற்றிவிட்டான்.

அதிலிருந்து முதல் வயர் தொட்டிக்குத்தான் போனது.

"என் ஃப்ரிட்ஜ்ல கோழி நாறுது, உன் கல்லுக்கு மட்டும் கரண்ட்டா? பேசாம நீ அதையே கட்டியிருக்கலாம்!" என்று மனைவி மிக்தாலியா மதியம் பொரிந்து தள்ளினாள். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு, தலை வலிக்கிறது என்று மகள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மகள் யரித்சாவுக்கு ஆறு வயது. இரண்டு நாளாகக் காற்றின் சத்தத்தில் கண்ணை மூடாதவள், நல்லவேளையாக இன்று கன்னம் சிவக்கத் தூங்கினாள்.

எண் ஏன் இறங்குகிறது என்று எலாதியோவுக்குத் தெரியும். பவளம் வளர்க்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான்: வீட்டுக் காற்று கெட்டால் தொட்டித் தண்ணீரும் கெடும். முதல் வைத்தியம், ஜன்னலைத் திற.

பலகைகளைப் பார்த்தான். ஒவ்வொன்றிலும் பதினாறு ஆணி. அவனுக்கும் தலை விண்விண்ணென்று தெறித்தது. இரண்டு ராத்திரி தூங்காத தலை வேறு எப்படி இருக்கும்?

இரண்டாவது வைத்தியமும் உண்டு. குமிழி விடும் பம்ப் வீட்டுக் காற்றை விட்டுவிட்டு வெளிக்காற்றை இழுக்கும்படி செய்வது. கேபிள் டிவிக்காகச் சுவரில் போட்டிருந்த ஓட்டையிலிருந்து வயரை உருவினான். பிளாஸ்டிக் குழாயைச் செருகி வெளியே நீட்டி, மறுமுனையைப் பம்பில் மாட்டினான். இந்தச் சின்ன வேலைக்குள் இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது.

பம்ப் மழைக்காற்றை இழுத்தது.

ஏழு புள்ளி எட்டு. கொஞ்ச நேரம் கழித்து, எட்டு.

பவளத்தின் ஓரத்தில் பச்சைச் சதை மெல்ல உப்பத் தொடங்கியது. எலாதியோவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மிக்தாலியா! ஓடி வந்து பாரு, உன் சக்களத்தி பொழைச்சுட்டா!"

அறையிலிருந்து பதில் இல்லை. இந்த மாதிரிக் கேலிக்கு அவள் செருப்பையாவது வீசியிருப்பாள்.

சரி, தூங்கட்டும், பாவம்.

எழுந்து போய் ஒரு எட்டு பார்க்கலாம் என்றுதான் நினைத்தான். கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தொட்டிக் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். கண் சொக்கியது. மீட்டரில் எட்டு புள்ளி ஒன்று.

சமையலறையை ஒட்டி, ஜன்னலே இல்லாத துணி துவைக்கும் அறையில், வாஷிங் மெஷினோடு சேர்த்துப் பூட்டிய ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. புகை நாற்றம் வீட்டுக்குள் வரக் கூடாதென்று கதவடியில் ஈரத்துண்டைத் திணித்து வைத்திருந்தான்.

நாற்றம் மட்டும்தான் வரவில்லை.