கைநாட்டு

"வயித்துல ஓட்டை போட்டு, அது வழியாத்தான் இனிமே ஒண்ணுக்குப் போவணுமாமே. நெசமா பெரியாயி?"

ரெங்கம்மாவின் கேள்வி வார்டின் கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்டிருக்கும். பெரியாயி மகன் கணபதியின் ஈரத் துணியை உருவிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள்.

துணைக்கு வருகிறேன் என்று பூனாகலையில் ரெங்கம்மா தானாகவே பதுளை பஸ்ஸில் ஏறியபோதே பெரியாயிக்குத் தெரியும், இது துணை அல்ல, வேவு என்று. தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்து வரிசை வீடுகளில் என்ன குழம்பு என்பதை, அது கொதிக்கும்போதே கீழ் லயத்துக்குச் சொல்லிவிடுகிறவள் ரெங்கம்மா. தனக்குப் பிள்ளை குட்டி இல்லாவிட்டாலும், யார் வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பல் எப்போது விழுந்தது என்று கேட்டால் கிழமையோடு சொல்வாள்.

"ஆமாக்கா. பொறந்ததுலேர்ந்தே மூத்திரப் பை வேலை செய்யலையாம். ஒண்ணுக்கு மேல ஏறி ரெண்டு கிட்னியையும் கெடுக்குதாம். குழாயைத் திருப்பி வயித்துப் பக்கமா வெளிய எடுத்து, ஒரு பையை ஒட்டிவிடுவாங்களாம்."

"எத்தனை நாளைக்குப் பை?"

"ஆயுசுக்கும்."

"பள்ளிக்கூடம் போலாமா? ஓடலாமா? நடுவுல கழண்டுக்கிட்டா?"

"காலையிலேர்ந்து நர்ஸ் மிஸ்ஸியைப் போட்டு நீங்கதானே அதைக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. எல்லாம் செய்யலாம்னு சொன்னாங்களே."

"ஆபரேஷன் பண்ணாட்டி?"

பெரியாயி கணபதிக்கு வேறு துணி கட்டினாள். அதையும் டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளை ஒரு வருஷம் தாங்க மாட்டான்.

"சரி, ஆபரேஷனுக்குச் சம்மதம்னு கடுதாசியில கைநாட்டு வைக்கப் போறியா, இல்லையா? லயத்துல கேட்டா நான் ஒரு பதில் சொல்லணும்ல."

கடுதாசி என்றாலே பெரியாயிக்குப் பயம். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எவனோ நீட்டிய கடுதாசியில், ரேஷனுக்காக்கும் என்று கொழுந்தன் மாடசாமி கட்டை விரலை அழுத்தினான். அது தோட்டத்தை விட்டு இந்தியாவுக்கே போகிற மனு. போன தையில் குடும்பத்தோடு கப்பலேறிவிட்டான்.

"ஒரு விரலால கடலைத் தாண்டிட்டான்க்கா மாடசாமி. இதுல நான் விரலை வச்சு, மேசையிலயே புள்ள போயிட்டா? வீட்டுக்காரரு உன் இஷ்டம்னுட்டாரு. நாளைக்கு நீதானே வச்சேன்னு என்னையத்தானே சொல்வாங்க?"

"சொல்வாங்கதான்," என்றாள் ரெங்கம்மா. ஆறுதல் சொல்கிற பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது. "போயித் துணியை அலசிட்டு வா. புள்ளைய நான் பார்த்துக்கிறேன்."

குழாயடியில் துணியைப் பிழிந்தபோதே பெரியாயி முடிவு செய்துவிட்டாள். ஓட்டையும் வேண்டாம், பையும் வேண்டாம். இருக்கிற வரைக்கும் பிள்ளை முழுசாக இருக்கட்டும். இப்போது கிளம்பினால் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

திரும்பி வந்தவள், ரெங்கம்மாவின் மடியில் கிடந்த கணபதியை வாரித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். வேலை மாறிச் சற்றுமுன்தான் வந்திருந்த புது மிஸ்ஸி வாசலில் மறித்தாள்.

"எங்க தூக்கிட்டுப் போறது? நாளைக்குக் காலையில முதல் ஆபரேஷன் இந்தப் புள்ளைக்குத்தான். நீங்க யாரு, சித்தியா? புள்ளையோட அம்மா இப்பத்தானே கைநாட்டு வச்சாங்க."

பெரியாயி திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து ரெங்கம்மா கட்டை விரலைச் சேலைத் தலைப்பில் தேய்த்துக்கொண்டிருந்தாள். மையின் நீலம் போகவில்லை.

"கொஸ்லந்த தோட்டத்துல இருந்தப்ப எனக்கும் ஒருத்தன் இருந்தான்டி," என்றாள். அவளுக்குக் குரல் இறங்கும் என்பதே பெரியாயிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "இதே கடுதாசியைத்தான் நீட்டுனாங்க. நானும் இப்படித்தான் புள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிட்டேன்."