செம்பும் அலுமினியமும்

"யாரு இவன், எனக்குப் பாடம் எடுக்க?" கணவன் கொதித்தான்.

தண்ணீர் ஓடிச் சூடு தணிக்கும் கம்ப்யூட்டரை முதன்முறையாகத் தானே கட்டப்போகிறான். ஒரு மாதம் உட்கார்ந்து போட்ட திட்டத்தை இணையக் குழுவில் போட்டதும், எவனோ குறை சொல்லிவிட்டான்.

"என்ன எழுதியிருக்கு?" மதியச் சாப்பாட்டை டப்பாவில் அடைத்தபடி மனைவி கேட்டாள்.

"ரேடியேட்டர் அலுமினியம், ப்ராசஸர் மேல உட்கார்ற பிளாக் செம்பு. ரெண்டுலயும் ஒரே தண்ணி ஓடினா அரிச்சு ஒழுகுமாம். பேரைப் பாரு, 'கறார்'. ஸ்குரூ டிரைவரைத் தொட்டிருக்கவே மாட்டான்."

"அது சரியான்னு பார்த்தீங்களா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

'உன்னைவிட என் பெண்டாட்டிக்கு அதிகம் தெரியும்' என்று தட்டி அனுப்பினான்.

அடுப்பு மேடையில் இருந்த அவள் போன் 'டிங்' என்றது. எடுத்து அவன் பதிலைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பன்னெண்டு வருஷமா ஏசி ரிப்பேர் பண்றவ நான். முந்தாநாள் இதையே நேர்ல சொன்னேன், காதுலயே வாங்கலை. அதான் பேரை மறைச்சு எழுதினேன்."

ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டினாள்.

"இந்தப் பதிலை மட்டும் அழிச்சிடாதீங்க. கல்யாணமான நாள்லேர்ந்து என்னைப் பத்தி நீங்க சொன்ன ஒரே நல்ல வார்த்தை இதுதான்."