ஆடாத கோடு

மதுக்கூடக் கம்பெனியின் பங்கு விலை எவ்வளவு ஆடுகிறது, யாரால் ஆடுகிறது என்று அளந்து சொல்வதுதான் செண்பகவல்லியின் வேலை. குடிக்கிற ஒவ்வொருவர் பெயரும் திரையில் வரும். வருடாவருடம் கார்த்திகை பிறந்ததும் திரையில் விலைக் கோடு சரியும்; மாலை போட்ட ஆண்கள் நாற்பத்தெட்டு நாள் குடியைத் தொடமாட்டார்கள். விரதம்தான் காரணம் என்று, விரதக்காரர்களின் பெயர்ப் பட்டியலோடு போன வருடம் அறிக்கை எழுதியவளும் அவளேதான்.

இந்தக் கார்த்திகை முதல் தேதி, அந்தப் பட்டியலில் இருந்த விரதக்காரர்களுக்கு மட்டும் பாதி விலை என்று கம்பெனி சொல்லிவிட்டது.

“கோடு ஆடவே இல்ல பாத்தியாம்மா! எல்லாம் உன் அறிக்கையாலதான்,” என்று மேலாளர் லட்டு நீட்டினார்.

மாலை போடக் கோயிலுக்குப் போகிறேன் என்று விடியலில் கிளம்பிய கணவன் பால்வண்ணனின் பெயர், திரையில் அன்று குடித்தவர்களின் பெயர்களோடு இருந்தது.

அன்று இரவு தள்ளாடியபடி வீட்டுக்கு வந்து நின்றான்.

“ஏங்க, மாலை?”

“பாதி விலைக்குத் தர்றான் புள்ள. அடுத்த வருசம் போட்டுக்கிறேன்.”

வாங்கி வைத்திருந்த கறுப்பு வேட்டியை மடிப்புக் கலையாமல் பெட்டிக்குள் வைத்தாள். வருடத்தில் அந்த நாற்பத்தெட்டு நாள்தான் பயமில்லாமல் அவன் பக்கத்தில் நின்று, சாமி என்று கூப்பிடுவாள்.