நாலாம் சேனல் இரைச்சல்

"நடுவுல டிக் டிக்குன்னு ஏதோ கேக்குதே, அது என்ன?"

விசாரணை அதிகாரி வாக்கி டாக்கிப் பதிவை நிறுத்தினார். மறுபடி ஓட விட்டார்.

கலவை வண்டிக்காரர் வழி கேட்கிறார். கேட் வாட்ச்மேன் யாரையோ கரித்துக் கொட்டுகிறார். இடையில், நகத்தால் மேசையைத் தட்டியது போல இரண்டு சத்தம். அப்புறம் ஒரே அலறல்.

அலறியவர் சென்ட்ரிங் தச்சர். கிரேன் இறக்கிய கம்பிக் கட்டு அவர் பாதத்தின் மேல் இறங்கிவிட்டது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில், கீழே நின்று கிரேனுக்கு வழி சொல்லும் சிக்னல்காரர். இன்னொன்றில், மேலே உட்கார்ந்து கிரேனை ஓட்டுபவர். சிக்னல்காரரின் தங்கையைக் கட்டியவர்.

சுமை இறங்கும் இடம் சுவருக்குப் பின்னால். மேலே இருப்பவருக்குத் தெரியாது. கீழே இருப்பவர் பார்த்து, 'இறக்கு' என்று வாக்கி டாக்கியில் சொன்னால்தான் இறக்க வேண்டும். சொல்லாமல் இறக்கியிருந்தால் ஓட்டியவரின் உரிமம் போகும். பார்க்காமல் சொல்லியிருந்தால் சொன்னவரின் வேலை போகும்.

இரண்டில் ஒன்றை எழுதி முடிக்காமல் அதிகாரி எழுந்திருக்கப் போவதில்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரே வேவ்லெங்த்னு சைட்ல எல்லாரும் சொல்றாங்க" என்றார் அவர்.

சொல்வார்கள்தான். இன்ஜினியர் முதல்முறை அப்படிச் சொன்னபோது, அப்படியென்றால் என்ன என்று சிக்னல்காரர் கேட்டார். ஒரு அலையின் தலைக்கும் அடுத்த அலையின் தலைக்கும் நடுவே உள்ள தூரம் என்று அவர் விளக்கினார். "அப்போ எங்களுக்கு நூத்தியிருபது அடி சார்" என்று இவர் கிரேனை அண்ணாந்து காட்ட, சைட்டே சிரித்தது.

இப்போது சிக்னல்காரர் மேசையைப் பார்த்தபடி பேசினார்.

"அந்த டிக் டிக் வெறும் இரைச்சல் சார்" என்றார். "நாலாம் சேனல்ல எப்பவும் வரும்."

அதிகாரி பேனாவைத் திறந்து, கிரேன்காரர் பக்கம் திரும்பினார்.

கிரேன்காரர் மச்சான் முகத்தை ஒருமுறை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

"இரைச்சல்தான் சார். யாரும் சொல்லல. நானாத்தான் இறக்கினேன்."

அதிகாரி எழுதினார். கிரேன்காரர் கையெழுத்துப் போட்டார். சட்டைப் பையிலிருந்து உரிம அட்டையை எடுத்து, கைக்குட்டையால் ஒரு துடை துடைத்து, மேசையில் வைத்தார்.

இரண்டு தட்டு என்றால் இறக்கு.

இது இந்த இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. நாலாம் சேனலில் எந்நேரமும் சந்தைக்கடைச் சத்தம், 'பேசி மாளாது மாப்பிள்ளை, வாக்கி டாக்கியில் பேசும் பொத்தானைத் தட்டினால் போதும், டிக்குன்னு கேக்கும்' என்று ஐந்து வருடத்துக்கு முன் ஆரம்பித்து வைத்ததே சிக்னல்காரர்தான். அன்றைக்கும் அவர்தான் தட்டினார். டீ வண்டி வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தபடியே தட்டினார்.

வெளியே படிக்கட்டில் இருவரும் இறங்கினார்கள். சிக்னல்காரர் எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று நாலு படி முயன்றார். ஐந்தாவது படியில்தான் வாய் திறந்தது.

"தங்கச்சிகிட்ட நான் வந்து..."

"அவகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார் கிரேன்காரர். ஹெல்மெட்டைக் கழற்றி இவர் கையில் கொடுத்தார். "நாளைக்கு வேற ஒருத்தன் மேல ஏறுவான், மச்சான். அவனுக்காவது பாத்துட்டு சொல்லு. வாயால சொல்லு."