இருநூற்றுப் பதினான்காம் வரி

"இந்த வரியில எதுக்கும்மா மைனஸ்?"

லஹரி எதிர்பார்த்து வந்த கேள்விதான். 

ஹைதராபாத் மாதாப்பூரில் நாலாவது மாடி, கண்ணாடி அறை. எதிரே கோதண்டராம் சார். கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் படம் வரைகிற நிரல் எழுதியே தலை நரைத்தவர். சுவர்த் திரையில், பதுகம்மா பண்டிகைக்குப் பெண்கள் அடுக்குகிற பூக்கோபுரம் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. ஆவாரம்பூவின் ஒவ்வொரு இதழிலும் வெளிச்சம் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. பக்கத்தில் அதை வரைந்த நிரல். அதில் இருநூற்றுப் பதினான்காம் வரியைப் பேனாவால் தட்டிக்கொண்டிருந்தார்.

கிடைத்தால் ஆறு மாத இன்டர்ன்ஷிப், அப்புறம் வேலை. இருப்பதோ ஒரே இடம்.

நாற்பத்தொரு கம்பெனிக்கு விண்ணப்பித்தாயிற்று. எல்லாருக்கும் வெப்சைட் செய்ய ஆள் வேண்டும். கிராபிக்ஸ் புரோகிராமிங் என்றால், போஸ்டர் டிசைனா என்று கேட்டார்கள். இது நாற்பத்திரண்டாவது. இதுவும் கையை விட்டுப் போனால் திங்கட்கிழமை சொந்த ஊர் ஜகித்யாலுக்குப் பஸ் ஏற வேண்டும். அப்பா பேங்க் பரீட்சைக் கோச்சிங்கில் பெயர் கொடுத்துவிட்டார். கோச்சிங் நடத்துகிறவரின் மகனையும் பார்த்து வைத்துவிட்டார்.

அறைத்தோழி பிரணதிக்கும் இன்றைக்கே இன்டர்வியூ. அவளுக்குப் பத்து மணி, லஹரிக்குப் பன்னிரண்டு. கூகட்பள்ளி ஹாஸ்டலிலிருந்து ஒரே ஆட்டோவில் வந்தார்கள். பிரணதி வழி நெடுக கைக்குட்டையைப் பிசைந்துகொண்டே வந்தாள். புது ஆளைக் கண்டால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மெஸ்ஸில் இன்னொரு கரண்டி பருப்பு கேட்கக்கூட லஹரிதான் போக வேண்டும்.

கேட்டில் இருவரின் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிரணதி உள்ளே போனதை லஹரி பார்த்தாள். எந்த லிஃப்டில் இறங்கிப் போனாளோ, தெரியவில்லை.

லஹரி தண்ணீரை ஒரு மடக்கு குடித்துவிட்டு ஆரம்பித்தாள்.

"கணக்குப் புத்தகத்துல மேல போகப் போக எண் ஏறும் சார். ஸ்கிரீன்ல கீழ போகப் போகத்தான் ஏறும். அதை மறந்தா எல்லாம் தலைகீழாயிடும். நம்மளப் பார்த்து நிக்கிற முக்கோணமெல்லாம் முதுகைக் காட்டி நிக்கிறதா கணக்கு வரும். முதுகு காட்டுறதை வரைய வேண்டாம்னு புரோகிராமே தள்ளிவிட்டுடும். பூவெல்லாம் உள்ளதான் இருக்கு, ஆனா ஒண்ணும் தெரியாது. அந்த ஒரு மைனஸ் போட்டதும் மொத்தமும் நம்ம பக்கம் திரும்பிடுச்சு."

"கண்டுபிடிக்க எத்தனை நாளாச்சு?"

"நாலு நாள் சார். நாலு நாளும் ஸ்கிரீன் கறுப்புதான்."

அது பொய்யில்லை. ஹாஸ்டல் அறையில் நாலு நாள் சரியான சோறில்லை, குளியலில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் திரையில் ஆவாரம்பூ தெரிந்தபோது இருவரும் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் வார்டன் வந்து கதவைத் தட்டினாள்.

கோதண்டராம் பேனாவை மூடி வைத்தார். முகம் தெளிந்திருந்தது.

"காலையில ஒரு பொண்ணு இதே புரோகிராமைத் தூக்கிட்டு வந்துச்சு. இந்த வரியைத்தான் கேட்டேன். வேர்த்துக் கொட்டுது, ஒரு வார்த்தை வரல. யார் எழுதினதுன்னு கேட்டேன், அதுக்கும் குனிஞ்ச தலை நிமிரல. இனிமே இந்தப் பக்கமே வராதேன்னு அனுப்பிட்டேன். உன்கிட்டயிருந்துதான் சுட்டிருக்கணும். யாரையும் நம்பிக் குடுத்துடாதம்மா."

லஹரி தண்ணீர் கிளாஸைத் தள்ளி வைத்தாள்.

அந்த நாலு நாளும் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் பிரணதி. லஹரி கீழே போய் டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்கி வந்தாள்.

காலேஜில் நாலு பேருக்கு ஒரு ப்ராஜெக்ட். ஒருத்தி எழுதுவாள், நாலு பேர் பெயரும் அட்டையில் இருக்கும். வைவாவுக்கு முன்னால் எழுதினவளே மற்ற மூன்று பேருக்கும் பாடம் எடுப்பாள். அதை யாரும் தப்பென்று நினைத்ததில்லை. இங்கேயும் அப்படியே போகலாம் என்று சொன்னதும், இரண்டு மாதம் உட்கார வைத்து வரிவரியாக லஹரிக்குச் சொல்லிக்கொடுத்ததும் பிரணதிதான். ஒரே இடத்துக்கு ஒரே பூக்கோபுரத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் போனால் என்ன ஆகும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

கோதண்டராம் ஒரு படிவத்தை இழுத்து அவள் பெயரை எழுத ஆரம்பித்தார்.

"முழுக்க நீயே எழுதினதுதானே?"

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒப்புக்குக் கேட்கிற கேள்வி.

பிரணதியின் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கூடவே ஜகித்யால் பஸ்ஸும் வந்து நின்றது.

"ஆமா சார்."

"அப்போ திங்கட்கிழமை வந்துடு."

லிஃப்டில் தனியாக இறங்கினாள். சந்தோஷம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது ஒட்டவில்லை. கேட்டில் கையெழுத்துப் போட்டுப் போனை வாங்கினாள்.

ஒரே ஒரு செய்தி வந்திருந்தது. பத்து நாற்பதுக்குப் பிரணதி அனுப்பியது.

"மைனஸ் பத்திதான்டி கேக்குறாரு. எனக்குப் பேச்சே வரல. அப்புறம் யார் எழுதினதுன்னு கேட்டாரு. அப்போ பேச்சு வந்துச்சு. ஆனா நான்தான்னு சொன்னா பின்னாடி வர்ற நீ மாட்டிக்குவ. அதான் சொல்லல. நீ பயப்படாம சொல்லு, உனக்கு எல்லாம் தெரியும்."