கடைசிப் பெயர்

மருத்துவமனை அறையில் இருப்பவர்கள் குழந்தை மருத்துவரான தங்கை, முதன்முறையாக அங்கே வந்திருக்கும் அண்ணன், மேசைமேல் பயிற்சிக்கான ரப்பர்க் குழந்தை. அதன் மூக்கிலிருந்து இறங்கும், மூச்சுக்கு உதவும் குழாய் தண்ணீர்ப் புட்டியில் முடிய, குமிழிகள் களகளவென்று ஓயாமல் பேசுகின்றன. பச்சிளங்குழந்தைகளின் மூச்சைப் பற்றி அவள் எழுதிய கட்டுரைகள் அலமாரி நிறைய நிற்கின்றன. புதியது அண்ணன் மடியில் விரிந்திருக்கிறது. எழுதியவர்கள் வரிசையில் அவள் பெயர் கடைசி. "நம்ம வீட்டுப் பொண்ணைக் கடைசிக்குத் தள்ளுனது எவன்? சொல்லும்மா, உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்." "தலைமை தாங்குறவங்க பேருதாண்ணே கடைசியில வரும். இத்தனை வருஷமா அப்படித்தான் வருது. நீங்க இன்னைக்குத்தான் பாக்கறீங்க." மாலை வெயில் காலி நாற்காலிகளில் ஏறுகிறது. அண்ணன் தாளை மடிக்கிறார். அவரது நிமிர்ந்த முதுகு நிமிர்ந்தபடியே இருக்கிறது. மருத்துவமனை அவளை ஒதுக்கிவிட்டதாக உறவுக்குள் ஒரு பேச்சு. ஒதுக்கியது மருத்துவமனை அல்ல.